டைட்டானியத்தில் அலுமினியமும் வனேடியமும் சேர்த்தால் வலிமையோடு தேய்மான எதிர்ப்பும் கூடுமா?

வலிமை நன்றாகவே கூடும். தேய்மானத்தில் பெரிய பலனை எதிர்பார்க்காதீர்கள்.

தூய டைட்டானியத்தின் மிக மென்மையான வகையான கிரேடு 1-க்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச இழுவலிமை, அதாவது இழுத்தால் அறுந்துபோகாமல் தாங்கும் அளவு, 240 மெகாபாஸ்கல். அதே தூய டைட்டானியத்தின் கிரேடு 4-க்கு அது 550. வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் ஆக்சிஜன்: உச்சவரம்பு 0.18 சதவீதத்திலிருந்து 0.40 சதவீதமாகிறது, அவ்வளவுதான்! 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் சேர்ந்த கிரேடு 5-இல் வலிமை சுமார் 900-ஐத் தொடுகிறது.

அலுமினிய அணுக்கள் ஆல்ஃபா படிகத்துக்குள் (அறை வெப்பநிலையில் டைட்டானியம் இயல்பாக எடுக்கும் அணு அமைப்பு) புகுந்து, அணு அடுக்குகள் வழுக்குவதைத் தடுக்கின்றன. தூய டைட்டானியத்தில் அதிக வெப்பத்தில் மட்டுமே இருக்கும் பீட்டா கட்டம் என்ற மற்றோர் அணு அமைப்பை, வனேடியம் அறை வெப்பநிலையிலும் தங்கவைக்கிறது. அதனால் வெப்பப் பதனிட்டு இன்னும் வலிமை ஏற்றலாம். ஆசைப்பட்டு அலுமினியத்தை 8 சதவீதத்துக்கு மேல் கொட்டினால் உலோகம் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

தேய்மானம் தனிக்கதை. டைட்டானியம் போல்ட்டில் டைட்டானியம் நட்டை மசகு இல்லாமல் முறுக்கினால், ஆக்சைடு படலம் உரிந்து, உலோகத்தோடு உலோகம் ஒட்டி, நட்டு பாதி வழியில் இறுகி நின்றுவிடலாம். கிரேடு 5-க்கும் இதே கதிதான். செயற்கை இடுப்பு மூட்டில் தண்டை டைட்டானியக் கலவையில் செய்பவர்கள், உரசும் பந்துக்குக் கோபால்ட்-குரோமியத்தையோ பீங்கானையோ நாடுவது இதனால்தான். டைட்டானியமே உரசியாக வேண்டுமென்றால், அதன்மேல் பொன்னிற டைட்டானியம் நைட்ரைடு பூச்சு ஏற்றுவார்கள்.