“வலி மாத்திரைதானே என்று இருந்துவிட்டோம், டாக்டர்!”

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. டேபென்டடால் என்ற வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறான் என்பது இப்போதுதான் தெரியவந்தது. பத்து நாள் அறையில் பூட்டி வைத்தால் தெளிந்துவிடுவான் என்கிறார் அவன் அப்பா. சிகிச்சை மாத்திரை கொடுத்தால் அதற்கும் அடிமையாவானோ என்று எனக்குப் பயம்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அம்மா, தயவுசெய்து பூட்டி வைக்காதீர்கள். பத்து நாளில் உடல்வலியும் பேதியும் பெரும்பாலும் அடங்கிவிடும், பையன் தெளிந்துவிட்டான் என்று வீடே நிம்மதியாக இருக்கும், ஆனால் உயிருக்கு ஆபத்தான கட்டமே அதற்குப் பிறகுதான் வருகிறது. பழைய அளவைத் தாங்கும் சக்தியை அதற்குள் உடம்பு இழந்திருக்கும், ஆசை மட்டும் போயிருக்காது. வெளியே போனதும் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடலாம்.

டேபென்டடால் ஆய்வுக்கூடத்தில் செய்த ஓபியாய்டு, அதாவது அபினைப் போல வேலை செய்யும் மருந்து. வலியைத் தணிக்க நம் மூளையே எண்டார்ஃபின் போன்றவற்றைச் சுரக்கிறது, அவை போய்ச் சேரும், நரம்பணுக்களில் உள்ள மியூ ஏற்பிகளில்தான் இதுவும் போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே ‘இன்னும் வேண்டும்’ என்று தூண்டும் டோபமைன் என்ற மூளை ரசாயனம் பெருகும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் அந்த ஏற்பிகள் மரத்துப்போகும். அப்புறம் பிரியாணி, கிரிக்கெட், அம்மாவின் பேச்சு எதிலுமே அவனுக்குப் பிடிப்பு இருக்காது. அதைத் திமிர் என்று நினைத்து அடிக்கிறார்கள், எனக்கு மனசு பதறுகிறது. மூளைத்தண்டில் நார்அட்ரினலின் சுரக்கும் ஒரு சிறு பகுதியையும் இது அடக்கி வைக்கிறது. மருந்தை நிறுத்தியதும் அது கட்டுமீறிக் கிளம்பும். ஓயாத கொட்டாவி, மூக்கில் நீர், மயிர்க்கூச்சு, பேதி, தூக்கமே வராத இரவுகள் எல்லாம் அதனால்தான்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் என்ற சிகிச்சை மாத்திரையும் அதே ஏற்பிகளில்தான் வேலை செய்கிறது, ஆனால் ஓரளவுக்குத்தான் அவற்றைத் தூண்டும். ஓர் எல்லைக்கு மேல் அதன் வீரியம் ஏறாது என்பதால் டாக்டர் சொன்ன அளவில் எடுத்தால் கிறங்க வைக்காது, ஏக்கத்தை அடக்கும், பையன் வேலைக்குப் போகலாம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவது போல மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவசரப்பட்டு நிறுத்தினால்தான் மறுபடி விழுகிறார்கள். கொட்டாவி, பேதி போன்ற, மருந்தை நிறுத்தியதும் வரும் விலகல் அறிகுறிகள் தெரிந்த பிறகே முதல் மாத்திரை கொடுக்க வேண்டும், முந்திக் கொடுத்தால் அவஸ்தை கூடிவிடும், ஆகவே நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். போதை மருந்து அந்த ஏற்பிகளில் ஒட்டாமல் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் என்று இன்னொன்று உண்டு. 7 முதல் 10 நாளாவது போதை மருந்தே தொடாமல் இருந்தவருக்குத்தான் அது. எதைக் கொடுத்தாலும் கூடவே ஆலோசனையும் தொடர வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், 14446 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம். ஊசி போட்டிருப்பதால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளைத் தள்ளிப்போட வேண்டாம். ஹெபடைடிஸ் சி இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு சுமார் 3 மாத மாத்திரையில் குணமாகிவிடும், அரசுத் திட்டத்தில் அது இலவசம்.

இன்னொன்று, இதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உலுக்கினாலும் எழாமல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உதடு நீலம் பாய்ந்து, கரகரவென்று குறட்டை விட்டால் அது தூக்கமல்ல. உடனே 108-ஐ அழையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், என்ன மருந்து போட்டான் என்பதை வந்தவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதை முறிக்க நலோக்ஸோன் என்ற ஊசி இருக்கிறது, சீக்கிரம் போட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.