நாலு மணிப் பசி

வணக்கம் சார்,

புது வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். மகன் நாலாவது படிக்கிறான். சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பள்ளி விட்டு வந்தால் பாக்கெட் சிப்ஸ், கலர் ஜூஸ். ஞாயிறானால் மயோனைஸ் வைத்த ஷவர்மா. மனைவி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்துதான் இப்படி. வீடு திரும்ப ஏழு ஆகிவிடும். எனக்கு ஹார்பரில் ஆறு முதல் இரண்டு ஷிஃப்ட். கிளம்பும்போது ஃபிரிட்ஜ் மேல் அவனுக்குப் பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போவேன். நம் பாரம்பரிய உணவை மறந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைக்கிறேன். கம்பு, கேழ்வரகு சிப்ஸ் கடையில் கிடைக்கிறது. அதைப் பழக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கம்பு சிப்ஸ் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். முதலில் வருவது கம்பா, அரிசி மாவா, பாமாயிலா என்று பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். மயோனைஸ் விஷயம்: பச்சை முட்டையில் செய்வதை 2025 ஏப்ரலில் அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு ரோடமின் பி சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தடை. அது அதிகாரிகள் பாடு. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஷவர்மாவில் பிள்ளை கெட்டுப்போக மாட்டான், விடுங்கள்.

ஆனால் பாரம்பரிய உணவு என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சுர்ரென்றது. எந்தப் பாரம்பரியம் தம்பி? நம் ஏரியாவின் பாரம்பரியம் டீயில் தோய்த்த பொறை ரொட்டி. அறுபதுகளில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ போட்டார்கள். மைதா நூடுல்ஸ்தானே அது? இன்றைக்கு அதை வடசென்னையின் அடையாளம் என்கிறோம். நான் படித்த காலத்தில் பள்ளி வாசலில் சாக்கரின் போட்ட கலர் ஐஸ் வாங்கி, நாக்கு சிவந்ததா என்று ஒருவருக்கொருவர் நீட்டிக் காட்டுவோம். அந்த ஐஸுக்கு எந்தக் குழாய்த் தண்ணீரோ, ஏழாம் வகுப்பில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாங்கள் கம்பங்கூழ் குடித்து வளர்ந்த உத்தமர்கள் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பத்து ரூபாய்.

என் அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போனாள். சாயங்காலம் விரல் நுனியெல்லாம் வெளுத்து, முள் குத்திய புள்ளிகளோடு வருவாள். எனக்கு முருகர் படத்துக்குப் பின்னால் பத்துப் பைசா இருக்கும். பள்ளி விட்டதும் வாசலில் ஆயா. அலுமினியக் குண்டானில் கொண்டைக்கடலைச் சுண்டல், சாக்கு போட்டு மூடிய வேர்க்கடலை, சீசனில் பனங்கிழங்கு. "நைனா, அம்மா வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே பேப்பரைச் சுருட்டி ஒரு டப்பா அளந்து போடுவாள். அம்மா இன்னும் வரவில்லை என்றால் கொசுறு ஒரு பிடி. மேலே மாங்காய்ப் பத்தை இரண்டு. ஆவியில் பேப்பர் நனைந்து, கடைசிக் கடலைகளில் அச்சு மை ஒட்டியிருக்கும். அதையும் தின்போம். ஐஸுக்குப் பிள்ளைகள் ஓடினால் அவளுக்குக் கோபம் வரும். "துன்னு, துன்னு, வயித்துல நிக்குதான்னு பாக்குறேன்" என்பாள். அவள் சொன்னது வியாபாரப் பேச்சு மட்டுமல்ல. கடலை வயிற்றில் நிற்கும், அதில் புரதமும் நாரும் உண்டு. பாக்கெட்டில் பாதி காற்று, மீதி வாயில் கரைகிற மாவும் உப்பும் எண்ணெயும். நாலரைக்கு ஒன்று தின்றவனுக்கு ஆறு மணிக்கு இன்னொன்று வேண்டும். எட்டு மணிக்குச் சோற்றைத் தள்ளாமல் என்ன செய்வான்?

பிறகு ஒருநாள் வாசலில் சுகாதாரக்கேடு என்று சொல்லி அவள் குண்டானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே இப்போது ஒரு பெட்டிக்கடை. சரம் சரமாக ஐந்து ரூபாய் பாக்கெட். எடை குறைந்துகொண்டே போகும், விலை ஐந்தில் நிற்கும், ஏனென்றால் பிள்ளை கையில் இருப்பது ஐந்து ரூபாய்க் காசு. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக்கூடாது என்று 2020-இல் விதி வந்தது. நம் தெருவில் 50 மீட்டர் அளந்தால் மூன்று பெட்டிக்கடை, ஒரு கோவில், பாதிப் பிள்ளைகளின் வீடு எல்லாம் உள்ளே வந்துவிடும். யார் அளப்பது?

எனக்கு ஒரு பழைய புலம்பல் உண்டு, கேளுங்கள். 1920-இல் மாநகராட்சித் தலைவராக இருந்த தியாகராயச் செட்டியார்தான் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட வைத்தார். பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. (தி.நகர் அவர் பெயரை எடுத்துக்கொண்டது. நமக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்லூரியாவது இருக்கிறது.) அப்புறம் 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர். 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டி வந்தது, உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும். மதியத்திலிருந்து காலை நாஷ்டாவுக்கு வர நமக்கு 102 வருஷம் ஆகியிருக்கிறது. உங்கள் மகன் வயசுப் பிள்ளைகளின் நாலு மணியை இன்னும் ஒருவரும் தொட்டதாக எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு, ஓடி விளையாடி, புத்தக மூட்டையைத் தூக்கி வருகிறவனின் பசி அது. அந்தப் பசியை ஆயா பார்த்துக்கொண்டாள். அவளை விரட்டிவிட்டுக் காலியான இடத்தில்தான் பாக்கெட்டைத் தொங்கவிட்டோம். இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள், நாலு மணிக்கும் சர்க்காரே ஊட்டணுமா என்று. ஏன், ஊட்டினால் என்ன?

சரி, உங்கள் மனைவிக்கு வருகிறேன். அவர் வேலைக்குப் போவதால் பிள்ளை கெட்டான் என்று எழுதும்போது கை கூசவில்லையா? என் அம்மாவும்தான் போனாள். உங்கள் ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது, ஹார்பரிலிருந்து புது வண்ணாரப்பேட்டை எவ்வளவு தூரம்? அப்படியானால் நாலரைக்கு அவன் வீட்டுக்குள் நுழையும்போது அங்கே இருக்கிற பெரியவர் யார்? தூங்கிக்கொண்டிருப்பீர்கள். தெரியும். விடியற்காலையில் எழுந்த உடம்பு, குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் நாலு மணிக்கு அலாரம் வைக்கலாம்.

காலையில் கிளம்பும்போது பத்து ரூபாய் வைக்கிற நேரத்தில் இரண்டு கைப்பிடி கறுப்புக் கொண்டைக்கடலையைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வருவதற்குள் ஊறியிருக்கும். உப்புப் போட்டு குக்கரில் ஐந்தாறு விசில். கடுகு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் பெருங்காயம். மாங்காய் கிடைத்தால் பத்தையாக நறுக்குங்கள், துருவாதீர்கள். முதல் இரண்டு நாள் மூஞ்சியைச் சுளிப்பான். நீங்களும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படியில் அவன் பக்கத்தில் உட்காருங்கள். பேப்பரில் மட்டும் சுருட்டிக் கொடுக்காதீர்கள், மை ஒட்டும்.