உள்ளிக்குக் காற்றுத்தான் வேணும்

வணக்கம் தம்பி,

விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். மகளுக்குப் பிள்ளை பிறந்து மூன்று கிழமை ஆகிறது. சரக்குக் கறிக்கு ஒவ்வொரு நாளும் உள்ளி வேணும்தானே, அதனால் வவுனியா மொத்தக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று மூன்று கிலோ வாங்கிவிட்டோம். பாதியைச் சொப்பிங் பையில் கட்டி பிரிட்ஜில் வைத்தேன். மீதியைக் குசினித் தட்டில் வைத்தேன். பிரிட்ஜில் இருந்தது முளைவிட்டுவிட்டது. தட்டில் இருந்ததில் சில பல்லுகள் தேன் நிறமாகிப் பிசுபிசுக்கின்றன. எல்லாவற்றையும் உரித்து இடித்து நல்லெண்ணெய்ப் போத்தலில் போட்டு வைத்தால் ஆறு மாதம் இருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? முளைத்ததை வளவில் நட்டால் வருமா? இனி வாங்கும்போது நல்ல உள்ளியை எப்படிப் பார்த்து எடுப்பது?

விசுவமடுவில் இருந்து ஒரு வாசகி

---

வணக்கம் அக்கா,

மகளும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்கட்டும். எண்ணெய்ப் போத்தலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் காசு நட்டம், இது உயிர்ப் பிரச்சினை.

தயவுசெய்து செய்யாதீர்கள். பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் மண்ணில் இருப்பவை. உள்ளியோடு ஒட்டிக்கொண்டு அவை வீட்டுக்கு வந்துவிடும். கழுவினாலும் முழுதாகப் போகாது, அடுப்பில் கொதிக்க வைத்தாலும் சாகாது. காற்றுப் படும் இடத்தில் அவை சும்மா கிடக்கும். எண்ணெய்க்குள் காற்று இல்லை, புளிப்பும் இல்லை. அதோடு எங்கள் குசினி வெக்கையும் சேர்ந்தால் அந்த வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மணம் மாறாது, நிறம் மாறாது, வாயில் வைத்தாலும் தெரியாது. 1985இல் கனடாவின் வன்கூவரில், குளிரில் வைக்காத எண்ணெய் உள்ளிப் போத்தலால் ஒரே உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நஞ்சேறியது. 1989இல் நியூயோர்க் மாநிலத்திலும் மூன்று பேருக்கு அப்படி நடந்தது. அதற்குப் பிறகுதான் கடைக்கு வரும் எண்ணெய் உள்ளியில் அமிலம் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க அரசு கட்டாயப்படுத்தியது.

ஏற்கெனவே யாராவது அப்படிப் போட்டுச் சாப்பிட்டிருந்து, கண் இரட்டையாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ விடியட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், எண்ணெய் உள்ளி சாப்பிட்டதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

அரைத்து வைக்கத்தான் வேணும் என்றால் எண்ணெய் விடாமல் அரைத்து, சின்னப் பைகளில் தட்டையாகப் பரப்பி, பிரிட்ஜின் ஐஸ் தட்டில் உறைய விடுங்கள். வேண்டிய அளவு உடைத்து எடுக்கலாம். ஓரிரண்டு மாதத்துக்கு நன்றாக இருக்கும். எண்ணெய் கலந்துவிட்டால் பிரிட்ஜில் வைத்தாலும் நாலு நாளுக்குள் முடித்துவிட வேணும். அரைத்த உள்ளியில் தேசிக்காய்ப் புளி பட்டு அது பச்சையாகவோ நீலமாகவோ மாறினால் பயப்பட வேண்டாம், அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை.

சரி, உங்கள் உள்ளி ஏன் முளைத்தது? எங்கள் கடைகளுக்கு வருவதில் பெரும்பகுதி சீன உள்ளி. அங்கே கோடையின் தொடக்கத்தில் கிண்டி எடுத்து, காயவைத்து, பெரிய குளிர்க் களஞ்சியங்களில் பூச்சியம் பாகைக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். அந்தக் குளிரில் உள்ளி உறங்கும். வெளியே எடுத்ததும் குளிர்காலம் முடிந்துவிட்டது என்று எண்ணி முளைக்கத் தயாராகிவிடும். வீட்டு பிரிட்ஜ் அதை உறங்கவைக்கிற அளவுக்குக் குளிர் இல்லை. நாலு, ஐந்து பாகையில் இருந்து பத்துப் பாகை வரை உள்ள குளிர் முளையைத் தூண்டிவிடுகிற குளிர்தான். அதோடு பையைக் கட்டி வைத்ததால் ஈரமும் உள்ளேயே நின்றுவிட்டது.

தட்டில் இருந்த தேன் நிறப் பல்லுகளின் கதை வேறு. அது பூஞ்சணம் இல்லை. மிஞ்சின வெக்கையும் காற்றோட்டம் இல்லாததும் சேர்ந்து பல்லின் உட்சதையை மெழுகு மாதிரி ஆக்கிவிடும். சில வேளை வயலிலேயே வெயில் கூடினாலும் இப்படி ஆகும். ஆனால் பங்குனி, சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே, அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் வைத்தால் நல்ல உள்ளிக்கும் அந்தக் கதிதான். பிரிட்ஜின் தலைக்கு மேலே வைக்கிறவர்களும் உண்டு. அதுவும் சூடான இடம்தான்.

கடையில் பார்த்து எடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். வலைப்பையோடு வாங்காமல் கையால் பொறுக்கி எடுங்கள். முழு உள்ளியைக் கையில் எடுத்தால் அதன் பருமனுக்குப் பாரம் இருக்க வேணும். பெருவிரலால் சுற்றிவரப் பல்லுப் பல்லாக அமத்திப் பாருங்கள். ஒரு பல்லு பஞ்சாக அமுங்கினாலும் உள்ளே காய்ந்தோ அழுகியோ இருக்கிறது. வேர்ப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் நல்ல உள்ளியில் அது காய்ந்து இறுகியிருக்கும். அந்த இடம் மெத்தென்று இருந்தாலோ, புது வேர் வெள்ளையாக எட்டிப்பார்த்தாலோ விட்டுவிடுங்கள். கழுத்தும் இறுகி மூடியிருக்க வேணும். பிறகு மணந்து பாருங்கள். இதை ஒருவரும் செய்வதில்லை, ஆனால் நான் பெரிதாக நம்புவது இதைத்தான். முழு உள்ளி அவ்வளவாக மணக்காது. பல்லு நசுங்கினால்தான் அந்த மணமே உண்டாகும். உரிக்காத உள்ளி குப்பென்று மணந்தால் உள்ளே எங்கோ அடிபட்டிருக்கிறது, இல்லாவிட்டால் அழுகத் தொடங்கிவிட்டது. தோலுக்கடியில் கறுப்புத்தூளோ நீலப்பச்சைத் தூளோ தெரிந்தால் அது பூஞ்சணம். அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், பக்கத்தில் இருப்பதற்கும் பரவும்.

வைப்பதற்குப் பனையோலைப் பெட்டியும் கடகமும் நல்லவை. மூடாமல், வெயில் படாத காற்றோட்டமான அறையில், நிலத்தில் முட்டாமல் வையுங்கள். உறி இருந்தால் அதில் தொங்கவிடலாம். வெங்காயத்தோடு இருக்கலாம், உருளைக்கிழங்கோடு வேண்டாம், கிழங்கு ஈரத்தை விடும். முழு உள்ளியை உடைத்தால் அதன் பல்லுகளைப் பத்து நாளுக்குள் முடியுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் எவ்வளவு கவனமாக வைத்தாலும் ஈரம் ஏறத்தான் செய்யும். அந்த நாட்களில் கிழமைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். வன்னியில் மூன்று கிலோ மலிவாக வாங்கி ஒரு கிலோவை எறிவதை விட, பரந்தன் கடையில் கொஞ்சம் கூட விலை கொடுத்து கால் கிலோ வாங்குவது லாபம் என்பதே என் எண்ணம்.

இருப்பதை இண்டைக்கே கொட்டிப் பிரியுங்கள். முளைத்ததில் நஞ்சு இல்லை. பல்லை நீளவாக்கில் பிளந்து நடுவில் இருக்கும் பச்சைக் குருத்தை எடுத்துவிட்டால் கைப்புக் குறையும், பல்லு கெட்டியாக இருந்தால் சரக்குக் கறிக்குத் தாராளமாகப் போடலாம். தேன் நிறத்தையும் பூஞ்சணம் பிடித்ததையும் எறியுங்கள். அதில் வெட்டித் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், பிள்ளை பெற்றவள் சாப்பிடுவது.

நட்டால் முளைக்கும். ஆனால் பூடு வைக்க உள்ளிக்குக் குளிரும் நீண்ட பகலும் வேணும். விசுவமடுவில் அந்த இரண்டும் கிடைக்காது. இலைதான் வரும். ஒரு சாடியில் நெருக்கமாக ஊன்றி, தாளைக் கிள்ளி முட்டைப் பொரியலிலும் சம்பலிலும் போடுங்கள். இலையே உள்ளி மணம் தரும்.