உளுந்தில் சாம்பல் நோய்: மருந்தடித்தும் ஏன் நிற்கவில்லை?

அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் நெல் அறுத்த வயலில் உளுந்து, இலையில வெள்ளைப் பொடி, ரெண்டு தடவை மருந்தடிச்சும் நிக்கலைன்னு கேட்டிருக்கீங்க. மருந்து மோசம்னு கடைக்காரரோட சண்டைக்குப் போகாதீங்க. முதல்ல தெளிப்பான் முனையில இருக்கிற நாசிலைக் கழட்டிப் பாருங்க. களைக்கொல்லி அடிச்ச தட்டை நாசிலோடயே பூஞ்சாணக் கொல்லியும் அடிக்கிறது நம்ம ஊர்ல சகஜம். இதுக்குக் கூம்பு நாசில்தான் வேணும். துளி பொடியா விழுந்தாத்தான் அடர்ந்த செடிக்குள்ள இறங்கும்.

அடுத்தது தண்ணீர். வளர்ந்த பயிருக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் வேணும். 16 லிட்டர் டேங்க்னா பன்னிரண்டு, பதிமூணு ஆகும். கூலிக்கு அடிக்கிறவர் ஆறு டேங்கோட முடிச்சிடுவார், வேகமா நடந்துக்கிட்டே! மேல் இலை மட்டும் நனையும். அடிச்சதும் கீழ் இலையைப் பாருங்க. ஊசிமுனை அளவு துளிகள் நெருக்கமா இருக்கணும், வழியக் கூடாது.

இந்த நோய்க்கு நனையும் கந்தகம் (தண்ணியில கலந்து அடிக்கிற கந்தகத் தூள்) ஏக்கருக்கு 600 கிராம், அதாவது லிட்டருக்கு 3 கிராம். முதல் பொட்டு தெரிஞ்ச உடனே ஒண்ணு, பத்து நாள் கழிச்சு இன்னொண்ணு. உச்சி வெயில்ல அடிச்சா இலை கருகும். வேப்பெண்ணெயோட கலந்தாலும் அப்படித்தான். மார்கழிப் பனி காஞ்சதும், காத்து கிளம்புறதுக்கு முன்னால அடிங்க. கார்பென்டாசிம்ங்கிற பூஞ்சாணக் கொல்லியையே திரும்பத் திரும்ப அடிச்சா பூஞ்சாணம் பழகிடும், மாத்தி அடிங்க.

இலை மஞ்சளும் பச்சையுமா திட்டுத்திட்டா இருந்தா அது தேமல் நோய், வெள்ளை ஈ பரப்புற வைரஸ். அதுக்கு இந்த மருந்தெல்லாம் வீண்செலவு.