வாத்தியாரைக் கேளுங்கள்: பீடி சுற்ற எதற்கு இங்கிலீசு?

கேள்வி: முக்கூடல் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் பீடி சுற்றுகிறவர்கள். போன வாரம் ஒரு பிள்ளை எழுந்து, "பீடி சுத்துததுக்கு எதுக்கு டீச்சர் இங்கிலீசு?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்று சட்டம் போட்டால் ஆர்வம் வரும் என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். போடலாமா?
(ஓர் ஆசிரியை)

பதில்: டீச்சர், இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். நான் போட்டுக் கெட்டவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தமிழில் பேசினால் பத்துப் பைசா என்று மேஜை மேல் மண் உண்டியல் வைத்தேன். மாதக் கடைசியில் உடைத்துப் பார்த்தால் இரண்டு ரூபாய்கூடத் தேறவில்லை. பிள்ளைகள் வாயையே திறக்கவில்லை, பிறகு எங்கே காசு விழும்?

அப்புறம் பெரிய மனிதர்களைக் காட்டி உசுப்பிப் பார்த்தேன். அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் 1841-ல் நம் இடையன்குடிக்கு வந்தார், 1856-ல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணமே எழுதி வெளியிட்டார், உங்களுக்கு இருபத்தாறு எழுத்து கசக்கிறதா என்றேன். கடைசி பெஞ்சு கொட்டாவி விட்டது. நியாயம்தான். கால்டுவெல்லுக்கு வீட்டு வாசலைத் தாண்டினால் தமிழ் வேண்டும். என் வகுப்புப் பையனுக்கு மணி அடித்தால் ஆங்கிலம் முடிந்துபோகும்.

அந்தக் கடைசி பெஞ்சில் ஒருவன் இருந்தான். ஆங்கிலத்தில் இருபது மார்க்கைத் தாண்டாதவன். சீசன் சமயத்தில் சனி, ஞாயிறு குற்றாலத்தில் மாமாவின் பழக்கடையில் நிற்பான். நான் குளிக்கப் போன ஒரு நாள், மங்குஸ்தானைப் பிளந்து ஒரு மலையாளத்து அம்மாவிடம் நீட்டி, "சேச்சி, நல்ல மதுரம், தின்னு நோக்கு" என்றான். மரியாதையாக "நோக்கூ" என்று நீட்ட வேண்டியதை வெட்டிவிட்டான். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொல்லித் திருத்திவிட்டு இரண்டு கிலோ வாங்கிப் போனார். அடுத்து வந்தவரிடம் பையன் "நோக்கூ" என்றான். ஒரே நிமிஷத்தில் இலக்கணம் படிந்துவிட்டது! என் வகுப்பில் அதே பிழைக்குச் சிவப்பு மையும் முட்டிக்கு ஸ்கேலும் கிடைத்திருக்கும். எண்ணெய் தேய்த்த தலையோடு அங்கேயே நின்றேன். அருவிக்குப் போகவே மனம் வரவில்லை.

இதை வெளிநாட்டில் முறையாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். கனடாவின் மாண்ட்ரியலில் பிரெஞ்சு படித்த ஆங்கிலப் பிள்ளைகளைக் கார்ட்னர், லாம்பர்ட் என்ற இருவர் ஆராய்ந்து 1959-ல் எழுதினார்கள். மொழித் திறமை ஒரு பக்கம் இருக்க, ஆர்வமும் தனியாக வேலை செய்கிறது. வேலைக்கு உதவும் என்று படித்தவர்களைவிட, பிரெஞ்சு பேசுகிறவர்களோடு பழகும் ஆசையில் படித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள் என்று கண்டார்கள். முக்கூடலில் பழகுவதற்கு ஆங்கிலேயர் கிடையாது என்பீர்கள். சரி, ஆள் இல்லாவிட்டாலும் ஆங்கிலம் வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்தப் பிள்ளையிடமே போங்கள். அம்மாவின் செல்போனுக்கு பேங்கிலிருந்து வந்த ஒரு மெசேஜை, கணக்கு எண்ணை விட்டுவிட்டு, நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். கிரெடிட்டட் என்றால் காசு ஏறியது, டெபிட்டட் என்றால் இறங்கியது. ஓடிபி வரும்போது கூடவே வருகிற 'டூ நாட் ஷேர்' (யாரிடமும் சொல்லாதே) என்ற மூன்று வார்த்தை தெரியாமல் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிச் சேர்த்த கூலி அது. பீடித் தட்டை மடியில் வைத்திருக்கும் அம்மாவுக்கு மகள் அந்த மெசேஜை வாசித்துப் பொருள் சொல்லட்டும். ஒரு வாரத்தில் பக்கத்து வீட்டு அக்காவும் போனைத் தூக்கிக்கொண்டு வருவாள். பொருளைத் தமிழிலேயே சொல்லட்டும், தடுக்காதீர்கள்.

பாடப் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லவில்லை. பரீட்சை இருக்கிறது, உங்களைக் கேள்வி கேட்க அதிகாரி வருவார். வாரத்தில் ஒரு பீரியடை மட்டும் இதற்குத் திருடிக்கொள்ளுங்கள். நான் திருடியிருக்கிறேன்.

கேள்வி: மும்பையில் வளரும் என் பேரனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. லீவுக்குக் கல்லிடைக்குறிச்சி வந்தால் அ, ஆ எழுதச் சொல்கிறேன். ஓடிவிடுகிறான்.
(ஒரு பாட்டி)

பதில்: லீவில் வந்த பிள்ளைக்கு சிலேட்டு கொடுத்தால் ஓடத்தான் செய்யும் ஆச்சி. ஊருக்குப் பலகாரம் கொடுத்து அனுப்புவீர்கள் அல்லவா? இந்த முறை டப்பாக்களுக்கு மேல் தமிழில் மட்டும் பெயர் எழுதுங்கள். அல்வா, முறுக்கு, சீடை, அப்பளம், வடகம். எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கட்டும், மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். அல்வா எதில் இருக்கிறது என்று பேரனின் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.