கேடயம் யார் வீட்டில் இருக்க வேண்டும்?

வணக்கம் ஐயா,

நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து நடத்தும் சின்ன நாடகக் குழு. யாருக்கும் இது தொழில் இல்லை. வேலை முடிந்து வந்து மாலையில் ஒத்திகை பார்ப்போம். நான் ஒளியமைப்பைக் கவனிக்கிறேன், துண்டு வேடம் இருந்தால் நடிப்பேன்.

போன மாதம் முதல் முறையாக ஒரு வட்டார நாடகப் போட்டிக்குப் போனோம். ஏழு நாடகங்கள். முதல் மூன்று இடங்களில் நாங்கள் இல்லை. ஆனால் சிறந்த நடிகைக்கான பரிசு எங்கள் குழுவில் ஒருவருக்குக் கிடைத்தது. கேடயத்தை ஒத்திகை அறையில் வைக்கலாம் என்றார் இயக்குநர். அந்த அம்மா வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அன்றிலிருந்து இரண்டு கட்சியாகிவிட்டோம். அவர் தனியாகத் தெரியும்படி நடித்ததால்தான் நாடகம் தோற்றது என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். அவர் ஒத்திகைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

நாடகத்துக்குப் பரிசு இல்லை, அதில் நடித்தவருக்கு மட்டும் எப்படிப் பரிசு? எங்களைப் போன்ற குழுக்கள் போட்டிக்கே போகக் கூடாதா?

பெயர் வேண்டாம்
(எழுதியவர் கேட்டுக்கொண்டபடி)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். இந்தப் பதிலைப் படித்து முடித்த பிறகு போனால்கூடப் போதும். போனில் வேண்டாம், நேரில் போங்கள். கேடயம் அவருடையது, அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும். அதைக் கேட்டதே தவறு என்று நினைக்கிறேன். உங்கள் இயக்குநர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பார். ஆனால் தோற்ற அன்று இரவு அதைக் கேட்டால், ‘இது உனக்கு மட்டும் கிடைத்தது இல்லை’ என்றுதான் காதில் விழும்.

நாடகம் தோற்று நடிகர் ஜெயிப்பது விசித்திரமே இல்லை, கிட்டத்தட்ட போட்டி நாடகம் அளவுக்குப் பழைய விஷயம். பண்டைய கிரேக்கத்தில், ஏதென்ஸ் நகரில் டயோனிசியா என்ற விழாவில் நாடகப் போட்டி நடந்ததே, அதில் முதலில் நாடகத்துக்குத்தான் பரிசு. நடிகருக்கென்று தனிப் பரிசு கி.மு. 449 வாக்கில்தான் வந்தது. ஜெயித்த நாடகத்தில் நடித்தவருக்குத்தான் அது போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இரண்டையும் வேறு வேறாகவே பார்த்தார்கள். அந்த நாடகங்களில் கோரஸாக நின்று ஆடிப் பாடியவர்கள் உங்களைப் போல வேறு பிழைப்பு உள்ள ஊர்க்காரர்கள். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துவிட்டு விழா முடிந்ததும் தத்தம் வேலைக்குத் திரும்பினார்கள்.

அங்கே நடுவர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஊர்மக்களின் பத்துப் பிரிவுகளிலிருந்து பத்துப் பேரைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். பத்துப் பேரும் வாக்களிப்பார்கள், ஆனால் பானையிலிருந்து ஐந்து ஓட்டுகளை மட்டும் எடுத்து எண்ணுவார்கள். யாருக்கு லஞ்சம் கொடுப்பது என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது, முடிவில் தெய்வத்துக்கும் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. அப்படி வந்த முடிவுகளில் ஒன்றுதான், கி.மு. 431இல் நாடகாசிரியர் யூரிப்பிடிஸ், இன்றும் மேடையேறும் தன் ‘மீடியா’வை மேடையேற்றியபோது மூன்று பேர் போட்டியில் மூன்றாவதாக வந்தது. முதலிடம், இன்னொரு பெரிய நாடகாசிரியரான ஈஸ்கிலஸின் மகன் யூஃபோரியனுக்கு. அவர் எழுதியதில் ஒரு நாடகம்கூட அவர் பெயரில் உறுதியாக நம் கைக்கு வந்து சேரவில்லை. நடுவர்கள் முட்டாள்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்தில், முன்னும் பின்னும் எந்த நாடகம் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் மனிதர்கள் தீர்ப்பு சொல்கிறார்கள். அதற்கு மேல் அந்த முடிவுக்குக் கனம் ஏற்ற வேண்டாம்.

சரி, இப்போது மதிப்பெண்ணுக்கு வருவோம். பிரிட்டனில் ஓரங்க நாடக விழாக்களில் நெடுங்காலமாக வழக்கத்தில் இருக்கும் கணக்கு இது: நடிப்புக்கு 40, இயக்கத்துக்கு 35, அரங்க அமைப்பு, ஒளி, உடை எல்லாம் சேர்ந்த மேடைத் தோற்றத்துக்கு 15, முயற்சிக்கும் புதுமைக்கும் எட்டிய உயரத்துக்கும் சேர்த்து 10. நடிப்புக்கான 40 மொத்தக் குழுவுக்குமானது. ஒருவர் உச்சத்தில் இருந்து மற்ற நால்வர் தடுமாறினால் அந்த 40 பாதியாகிவிடும். தனிநபர் பரிசு அதே நேரம் அந்த ஒருவருக்குப் போகும். உங்கள் போட்டியில் எந்தக் கணக்கு என்று எனக்குத் தெரியாது, நீங்களும் எழுதவில்லை. ஆனால் உங்கள் முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கும். அவர் தனியாகத் தெரிந்ததால் நாடகம் தோற்றதா, மற்றவர்கள் அவர் உயரத்துக்கு வராததால் தோற்றதா? இரண்டும் வேறு. முதலாவதை உரக்கச் சொல்வது சுலபம் என்பதால்தான் அதைச் சொல்கிறார்கள்.

நான் சில முறை நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவிடம் மகள் வீட்டை விட்டுப் போவதாகச் சொல்லும் காட்சி. மகளுக்கு மூன்றே வாக்கியம். பிரமாதமாகச் சொன்னார், அரங்கம் உறைந்துவிட்டது. நடுவர்கள் மூன்று பேரும் தயங்காமல் அவருக்கே பரிசு கொடுத்தோம். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அப்பாவாக நடித்தவர் அந்த நேரம் முழுக்கச் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார். முகம் பாதிதான் எங்கள் பக்கம். மகளின் இரண்டாவது வாக்கியத்தில் அவர் விரல் மூன்றாவது பொத்தானில் நின்றது. மூன்றாவது வாக்கியம் முடிந்ததும் அதே பொத்தானை மெதுவாகக் கழற்றினார். வெளியே கிளம்பிக்கொண்டிருந்த மனிதர் கிளம்பவில்லை. மகளின் வாக்கியத்தை எங்கள் காதில் சேர்த்தவை அந்த விரல்கள்தான். அவருக்கு நாங்கள் ஒரு சான்றிதழ்கூடத் தரவில்லை, அவர் பெயரை மேடையில் சொல்லவும் இல்லை. பரிசு தவறான ஆளுக்குப் போனது என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அவரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசியிருக்க வேண்டும். பேசாதது என் தவறு.

போட்டியின் உயிர் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. அயர்லாந்தில் அத்லோன் நகரில் 1953 முதல் தொழில்முறை அல்லாத குழுக்களுக்கான அகில அயர்லாந்து நாடக விழா நடக்கிறது. அங்கே நாடகம் முடிந்ததும் நடுவர் மேடையேறி, அதே பார்வையாளர்கள் முன் தான் பார்த்ததைப் பேசுவார். கூட்டம் எழுந்து போகாமல் கேட்கும், அதுவும் அன்றைய நிகழ்ச்சியில் ஒரு பகுதி. அமெரிக்காவில் சமூக நாடகக் குழுக்களின் தேசியச் சங்கம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாநிலம், வட்டாரம், தேசியம் என்று படிப்படியாக நடத்தும் போட்டியிலும் நடுவர்கள் எல்லார் முன்னிலையிலும் கருத்து சொல்வது வழக்கம். இருட்டு அறையில் மதிப்பெண்ணைக் கூட்டி, கடைசி நாளில் பெயர்களை மட்டும் வாசித்து, கேடயத்தைக் கையில் திணித்து அனுப்பும் போட்டி பாதிப் போட்டிதான். உங்கள் கடிதத்தில் நடுவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அதைப் படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. அமைப்பாளர்களுக்கு எழுதுங்கள். ஏன் எங்களுக்கு இடம் இல்லை என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் எல்லாரும் தற்காப்புக்குப் போய்விடுவார்கள். எங்கள் நாடகத்தில் எந்த இடத்தில் உங்கள் கவனம் விலகியது என்று கேளுங்கள். நேர்மையான நடுவருக்கு அந்த இடம் நினைவில் இருக்கும்.

போட்டிக்குப் போகக் கூடாதா என்றால், போங்கள் என்றுதான் சொல்வேன். கேடயத்துக்காக இல்லை. போட்டியின் விதிகள் ஒரு குழுவைச் செதுக்கும். அந்த அமெரிக்கப் போட்டியில் நாடகம் 60 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அரங்கை அமைக்க 10 நிமிடம், கலைக்க 10 நிமிடம். அதற்கு முன் செட்டும் மேடைப் பொருளும் எல்லாம் தரையில் டேப் ஒட்டிக் குறித்த பத்துக்குப் பத்து அடிச் சதுரத்துக்குள் அடங்க வேண்டும். அந்தச் சதுரத்தைக் கற்பனை செய்து பாருங்கள். நான்கு நாற்காலி, ஒரு கதவுச் சட்டம், ஒரு அலமாரி, அவ்வளவுதான், இடம் தீர்ந்துவிடும். அலமாரி நிஜமாகவே வேண்டுமா என்ற கேள்வியை ஆறு மாத ஒத்திகையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், டேப் கேட்கும். அமைப்பதற்கான பத்து நிமிடத்தில் கதாநாயகியும் மேசையைத் தூக்குவார், ஒளியமைப்பாளரும் தூக்குவார். யார் எந்தக் காலைப் பிடிப்பது என்றுகூட ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கும்.

நேரக் கணக்கில் இன்னொரு பாடமும் உண்டு. ஒத்திகை அறையில் யாரும் சிரிப்பதில்லை, எல்லாருக்கும் வசனம் மனப்பாடம். அரங்கில் ஜனங்கள் சிரிப்பார்கள், நடிகர்கள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒத்திகையில் 59 நிமிடம் ஓடிய நகைச்சுவை நாடகம் நல்ல கூட்டத்தின் முன் தாராளமாக ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். நன்றாக நடித்ததாலேயே தகுதியிழக்க நேரும். அதனால் அனுபவமுள்ள குழுக்கள் சிரிப்புக்கென்று சில நிமிடங்களை வெட்டி வைத்துக்கொள்வார்கள். தங்கள் வசனத்தையே அப்படி வெட்டப் பழகிய குழு அப்புறம் எழுதும் நாடகமே வேறு மாதிரி இருக்கும்.

நீங்கள் ஒளியமைப்பாளர் என்பதால் உங்களுக்கென்று ஒரு வேலை சொல்கிறேன். நடிகர்கள் ஒருவரை ஒருவர் மேடையில்தான் பார்க்கிறார்கள். முழு நாடகத்தையும் ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து பார்ப்பவர் நீங்கள்தான். அந்த அம்மா நடித்தபோது எதிரே யார் நின்றார்கள், அவர்கள் என்ன செய்தார்கள், எந்த நொடியில் உங்கள் கை அறியாமல் வெளிச்சத்தைக் கூட்டியது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை எழுதுங்கள். பத்துப் பேருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம். அவருக்கும் ஒன்று எழுதி, பார்க்கப் போகும்போது கையில் எடுத்துப் போங்கள். அவர் தனியாகத் தெரிந்த இடங்கள் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், சிறந்த நடிகை என்ற பட்டத்தோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு உண்மையைச் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம், அதே நாடகத்தை இன்னொரு முறை போடுங்கள். போட்டி இல்லாமல், அலமாரி இல்லாமல், தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் கூப்பிட்டு. தேதி முடிவானதும் எனக்கு எழுதுங்கள், நான் வருகிறேன்.

அன்புடன்.