203-க்கு 202

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியதைப் பற்றி நண்பர்களுடன் வாக்குவாதம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் முன்பே முடிவெடுத்துவிட்டார், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் நடந்த விவாதமெல்லாம் கண்துடைப்பு என்கிறார் ஒருவர். போர் வேண்டாம் என்றவர்கள் எல்லோரும் ஹிட்லரின் ஆட்கள்தான் என்கிறார் இன்னொருவர். எது சரி?

கே.

அன்புள்ள கே.,

இரண்டுமே சரியில்லை. பிரிட்டனுக்கு உதவ ரூஸ்வெல்ட்டுக்கு விருப்பம் இருந்தது உண்மைதான். ஆனால் 1941 ஆகஸ்ட் 12 அன்று நடந்ததைப் பாருங்கள். முந்தைய ஆண்டு கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இளைஞர்களுக்கு ஓராண்டு என்றுதான் பேச்சு. அதை இன்னும் 18 மாதம் நீட்டாவிட்டால் அப்போதுதான் உருவாகிவந்த படை கலைந்துபோகும் என்று ராணுவத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷல் மன்றாடினார். முகாம் சுவர்களில் பையன்கள் 'ஓ.எச்.ஐ.ஓ.' என்று கிறுக்கி வைத்தார்கள், 'ஓவர் தி ஹில் இன் அக்டோபர்', அதாவது அக்டோபர் வந்ததும் ஓடிவிடுவோம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையில் நீட்டிப்புக்கு ஆதரவாக விழுந்தது 203 ஓட்டு, எதிராக 202. ரூஸ்வெல்ட்டின் சொந்தக் கட்சியிலேயே 65 பேர் எதிர்த்தார்கள். சபாநாயகர் சாம் ரேபர்ன் சபை விதியைப் பிடித்துக்கொண்டு மறுபரிசீலனைக்கு இடமில்லாமல் முடித்துவிட்டார், எதிர்த்தரப்பு சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கி அமெரிக்காவைப் போருக்குள் இழுக்க அப்போது நான்கு மாதம்கூட இல்லை. இதையா கண்துடைப்பு என்பது?

போர் என்றாலே இருந்த அந்த அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் உலகப்போர் நடந்த 1916-இல், நம்மைப் போரில் சிக்காமல் காத்தவர் என்ற கோஷத்தோடு ஜெயித்த ஜனாதிபதி வில்சன் அடுத்த ஏப்ரலிலேயே காங்கிரஸிடம் வந்து போர் கேட்டார். சரி, கேட்டார், கிடைத்தது. அப்புறம் எதிர்த்துப் பேசியவர்களைச் சிறையில் தள்ளினார்களே, அதுதான் ஆறாத புண். 1918-இல் ஓஹையோ மாநிலத்துக் கேன்டன் நகரில் பேசிய ஒரு பேச்சுக்காக சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்து வருடம்! அட்லாண்டா சிறையில் இருந்தபடியே 1920 ஜனாதிபதி தேர்தலில் நின்று ஒன்பது லட்சம் ஓட்டுக்கு மேல் வாங்கினார் மனிதர். 1930-களில் செனட்டர் நை தலைமையிலான குழு, அந்தப் போரில் ஆயுத வியாபாரிகள் அடித்த லாபத்தை வெளியே கொண்டுவந்தது. மறுபடியும் ஏமாற மாட்டோம் என்று மக்கள் நினைத்ததில் என்ன தப்பு?

ஆனாலும் 1941-இல் அவர்கள் கணக்கு தவறு. பிரான்ஸ் விழுந்து ஒரு வருடம் ஆகியும், இது ஐரோப்பாவின் சண்டை என்று ஒதுங்கி நின்றதை என்னால் ஏற்க முடியவில்லை. அதிலும் போர் எதிர்ப்பாளர்களின் நட்சத்திரப் பேச்சாளரான விமானி லிண்ட்பெர்க் அந்தச் செப்டம்பரில் டெ மாய்ன் நகரக் கூட்டத்தில், நாட்டைப் போருக்குத் தள்ளுபவர்கள் என்று யூதர்களையும் சேர்த்துச் சொன்னது வெட்கக்கேடு, அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் அதே போர் எதிர்ப்பு அணியில்தான் ஹிட்லரை அடியோடு வெறுத்த சோஷலிஸ்ட் தலைவர் நார்மன் தாமஸும் இருந்தார். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட சில நாட்களில் போர் எதிர்ப்பு அமைப்பான 'அமெரிக்கா ஃபர்ஸ்ட்' குழு தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஹிட்லர் ஜெயிக்கட்டும் என்று காத்திருந்தவர்கள் அப்படிச் செய்வார்களா, உங்கள் நண்பரைக் கேட்டுப் பாருங்கள்.